நாம் கொடுத்த கையேட்டில் பிழை இருந்தது

(கம்போங் ராஜாவில் தோட்டப்புற இளைஞர்களுக்கும் ஆவணப் பணித் தொண்டர்களுக்கும் நடந்த ஒருநாள் பட்டறையில் இயக்க வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கணினிக் கட்டளைகளை அவர் வாயால் சொன்னபடியே தமிழ் எழுத்தில் தந்துள்ளோம்.)



வாரத்தில் ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த நாளிலும் இந்த மழையில் புளூ வேலியிலிருந்தும் பிரிஞ்சாங்கிலிருந்தும் ரிங்லெட்டிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் பாடம் நடத்த வரவில்லை. ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நீல அட்டை போட்ட 16 பக்கக் கையேடு ஒன்றை நாம் அச்சிட்டுக் கொடுத்தோம், நினைவிருக்கும். யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினியை இணையத்தில் எப்படிப் பாதுகாப்பாக வைப்பது என்று தமிழில் எழுதிய கையேடு. ஆங்கிலக் கட்டுரைகள் இரண்டு மூன்றைப் பார்த்து நம் தொண்டர்கள் தொகுத்தார்கள். அதற்கு முன்னுரை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். "இதில் உள்ளபடி செய்தால் உங்கள் ஆவணங்கள் பத்திரமாக இருக்கும்" என்று அதில் எழுதியிருக்கிறேன். நான் சட்டம் படித்தவன், கணினி படித்தவன் அல்ல. ஆனால் ஒரு வழக்கறிஞர் கையெழுத்துப் போட்டால் மக்கள் நம்புவார்கள் என்றுதானே என்னிடம் முன்னுரை வாங்கினார்கள்? மக்களும் நம்பினார்கள். அதனால்தான் பதில் சொல்லவும் நானே வந்தேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தோட்டத்து மக்களுக்குச் சர்வர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். லயத்து வீட்டில் ஒரு பெட்டி இருக்கும். அதில் பிறப்புப் பத்திரம், கணவரின் பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதம், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மழை ஒழுகினால் போயிற்று. வீடு மாறினால் போயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் நீல அட்டைக்கு மனுப் போடும்போது, "உங்கள் தாயார் இங்கே பிறந்ததற்கு என்ன சான்று?" என்று கேட்பார்கள். அந்த ஒரு தாளுக்காக மூன்று தலைமுறை அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தாள்களைப் படியெடுத்து ஈப்போவில் ஓர் அறையில் இருக்கும் நம் சொந்தக் கணினியில் சேர்த்தோம். அது பழைய கணினிதான், உபுண்டு லினக்ஸ் போட்டது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று அயல்நாட்டு நிறுவனத்தின் கிடங்கில் போடாமல் நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாமே பார்த்துக்கொள்வது என்றால் நாமே பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

பிழை எப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன்.

இங்கே கம்போங் ராஜாவிலிருந்து அந்தக் கணினியைப் பராமரித்தவர் நம் தம்பி ஒருவர். பெயர் வேண்டாம், பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம், தீச்சுவர் விதிகளைப் புதிதாக எழுதலாம் என்று கையேட்டின் 9ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதில் நாம் எழுதியிருந்தோம்: "பழைய விதிகளை முதலில் துடைத்துவிடுங்கள். ஐபிடேபிள்ஸ், இடைவெளி, கழித்தல் குறி, பெரிய எஃப்." அவர் அப்படியே தட்டினார். திரை உறைந்தது. அவ்வளவுதான். கணினி ஈப்போவில், அவர் மலைமேல்.

நடந்தது என்னவென்றால், தீச்சுவரில் இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று தனித்தனி விதிகள்: இன்னாரை விடு, இன்னாரை விடாதே. இன்னொன்று பொதுக் கொள்கை: எந்த விதியிலும் சேராதவர்களை என்ன செய்வது என்பது. நம் கணினியில் பொதுக் கொள்கை "டிராப்", அதாவது யார் வந்தாலும் தள்ளு. பெரிய எஃப் கட்டளை தனி விதிகளை மட்டும் துடைக்கும், பொதுக் கொள்கையைத் தொடாது. ஆகவே நம் தம்பியை உள்ளே விடச் சொன்ன விதி போய்விட்டது, எல்லாரையும் தள்ளு என்பது அப்படியே நின்றது. தன் வீட்டுக் கதவைத் தானே வெளியிலிருந்து சாத்திக்கொண்ட கதை.

இரவு எனக்குப் போன் வந்தது. "அண்ணே, உள்ளே போக முடியல." மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு தோட்டக் குடும்பத்தின் சம்பளப் பாக்கி விசாரணை. அவர்களுடைய சம்பளச் சீட்டுகள் அந்தக் கணினியில்தான் இருந்தன. தம்பி விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிம்பாங் பூலாய் சாலை வழியாக மழையில் இறங்கினார். அந்தச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஈப்போ போய்ச் சேர்ந்து, கணினியில் திரையையும் விசைப்பலகையையும் மாட்டிச் சரிசெய்வதற்குள் பத்தரை ஆகிவிட்டது. நான் தேதி ஒத்திவைக்கக் கேட்டு நின்றேன். அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டாம் முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. ஓர் எழுத்துக் கட்டளையின் விலை அது.

திருத்தம் எளிது. துடைப்பதற்கு முன் பொதுக் கொள்கையை "அக்செப்ட்" என்று மாற்ற வேண்டும், பிறகு துடைக்க வேண்டும், புது விதிகளைப் போட்டு எல்லாம் சரி என்று பார்த்த பிறகுதான் மறுபடி "டிராப்". இன்னொரு வழியும் உண்டு. ஐபிடேபிள்ஸ்-அப்ளை என்று ஒரு கருவி இருக்கிறது. அது புது விதிகளைப் போட்டுவிட்டு, "உங்களால் இன்னும் உள்ளே வர முடிகிறதா?" என்று கேட்கும். குறிப்பிட்ட விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால் பழையபடி மாற்றிவிடும். தூரத்தில் இருக்கும் கணினியைத் தொடும் எவரும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். இதைச் சொல்ல ஒரு வரி போதும். நாம் எழுதவில்லை.

இது சத்தம் போட்ட பிழை. இதைவிட மோசமானது சத்தம் போடாத பிழை.

ஈப்போவில் உட்கார்ந்தபோது தம்பி சும்மா இருக்கவில்லை. யார் யார் உள்ளே வர முயன்றார்கள் என்று எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தார். "ஃபெய்ல்ட் பாஸ்வர்ட்", "ஃபெய்ல்ட் பாஸ்வர்ட்" என்று பக்கம் பக்கமாக வரிகள். உலகத்தின் எங்கெங்கோ இருந்து யாரோ கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள். இணையத்தில் நிற்கும் எந்தக் கணினிக்கும் இது நடக்கும், அதில் ஆச்சரியமில்லை. தம்பிக்கு வேறொன்று உறைத்தது. நம் கணினியில் கடவுச்சொல் வழியையே அடைத்துவிட்டோமே! சாவிக் கோப்பு வைத்திருப்பவர் மட்டும்தானே வர முடியும்? வழியே இல்லாத இடத்தில் கடவுச்சொல் எப்படித் தவறும்?

வழி திறந்தே இருந்தது. கையேட்டின் 5ஆம் பக்கத்தில் நாம் எழுதியது: எஸ்எஸ்ஹெச்டி அமைப்புக் கோப்பைத் திறந்து, கடைசி வரியாக "பாஸ்வர்ட் ஆதென்டிகேஷன் நோ" என்று சேர்த்துவிட்டு, சேவையை மறுபடி தொடங்குங்கள். தம்பியும் அப்படியே செய்திருந்தார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் "நோ" என்றுதான் இருக்கிறது. ஆனால் கணினி அதை மதிக்கவில்லை.

ஏன் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு, ஒரு வழக்கறிஞனாக, வியப்பாக இருந்தது. சட்டத்தில் பின்னால் வந்தது முன்னால் வந்ததை வெல்லும். 1990இல் ஒன்று சொல்லி 2010இல் நாடாளுமன்றம் அதற்கு முரணாக இன்னொன்று சொன்னால் பிந்தியதே நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் நாமும் "கடைசியில் எழுது, அதுவே செல்லும்" என்று நினைத்தோம். ஆனால் எஸ்எஸ்ஹெச்டி நேர்மாறு. ஒரே சொல்லுக்கு இரண்டு மதிப்பு இருந்தால் முதலில் கண்டதையே அது எடுத்துக்கொள்ளும். ஐபிடேபிள்ஸிலும் முதலில் பொருந்திய விதியே தீர்ப்பு. அதே யூனிக்ஸ் குடும்பத்தில் ஓப்பன்பிஎஸ்டியின் பிஎஃப் என்ற தீச்சுவரைப் பாருங்கள், அங்கே கடைசியில் பொருந்திய விதி வெல்லும், "குவிக்" என்று குறித்தால் தவிர. ஓர் ஊர்ச் சட்டத்தை இன்னோர் ஊரில் வாதாடினால் என்ன ஆகும்? அதுதான் கையேடுகளில் நடக்கிறது.

சரி, நம் கோப்பில் முதலில் "யெஸ்" என்று எழுதியது யார்? 2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2 பதிப்பில் "இன்க்ளூட்" என்று ஒரு வசதி வந்தது. முதன்மைக் கோப்பின் தலையிலேயே "பக்கத்துக் கோப்புறையில் உள்ள துணைக் கோப்புகளையும் படி" என்று ஒரு வரி வைக்கலாம். உபுண்டுவும் டெபியனும் அப்படித்தான் வைத்துத் தருகின்றன. உபுண்டுவின் பல நிறுவல்களில் அந்தத் துணைக் கோப்புறைக்குள் "50-கிளவுட்-இனிட்" என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதில் ஒரே வரி: "பாஸ்வர்ட் ஆதென்டிகேஷன் யெஸ்". தலையில் இருப்பதால் அது முதலில் படிக்கப்படும். நாம் வாலில் எழுதிய "நோ" காதில் விழாது. நாம் பார்த்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை 2020க்கு முந்தியது. எழுதியவர் காலத்தில் துணைக் கோப்பு என்பதே கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தேதி பார்க்காமல் எடுத்தோம்.

14 மாதம். 14 மாதம் அந்தக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் இருந்திருக்கிறது.

யாராவது உள்ளே வந்தார்களா? "அக்செப்டட் பாஸ்வர்ட்" என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. ஆனால் நிம்மதியடைய முடியவில்லை. உபுண்டுவில் அந்தப் பதிவுக் கோப்பு வாரம் ஒருமுறை மாற்றப்படும், நான்கு பழைய வாரங்கள் மட்டுமே மிஞ்சும். நாம் வேறு எதையும் சொல்லி வைக்கவில்லை. ஆக ஒரு மாதத்துச் சாட்சி இருக்கிறது, மற்ற 13 மாதத்துக்கு ஒன்றுமே இல்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு இப்படி வந்து நின்றால் நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வேன் என்று எனக்கே தெரியும்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது. சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும், அரசாங்கத்தையும் அது கட்டுப்படுத்தாது. தரவு கசிந்தால் ஆணையரிடம் அறிவிக்க வேண்டும் என்று 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதியும் அந்தச் சட்டத்துக்குள் அடங்குபவர்களுக்கே. கட்டணம் வாங்காமல் தோட்டத்து மக்களின் தாள்களை வைத்திருக்கும் நாம் அதில் வரமாட்டோம் என்று நான் நன்றாகவே வாதாடலாம். ஆனால் இதே மக்களிடம் "உங்கள் தகவலை உங்களைக் கேட்காமல் யாரும் வைத்திருக்கக்கூடாது" என்று மேடை மேடையாகப் பேசியவர்கள் நாம். ஆகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னோம்.

ஒரு பாட்டியிடம் நான் சர்வர், கடவுச்சொல் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "என்னப்பா, சாவியப் பூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் பாட்டி என்றேன். "என் சூராட்டு இருக்குதுல்ல?" இருக்கிறது, ஆனால் யாராவது பார்த்திருக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப பூட்டியாச்சா? நல்லா இழுத்துப் பாத்தியா?" என்று கேட்டார்.

இழுத்துப் பார்ப்பது. அதுதான் நம் கையேட்டில் இல்லாதது. "இப்படி எழுது, சேமி, மறுபடி தொடங்கு" என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. "பூட்டியதா என்று இழுத்துப் பார்" என்று ஓரிடத்திலும் இல்லை. சமையல் குறிப்பில் உப்பு அதிகம் என்றால் வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். பூட்டுக் குறிப்பில் பிழை இருந்தால் திருடன் வரும்வரை தெரியாது, வந்தாலும் தெரியாமல் போகலாம்.

எப்படி இழுத்துப் பார்ப்பது? இரண்டு வழி, இரண்டும் வேண்டும். முதலாவது, நிர்வாகி உரிமையோடு, "எஸ்எஸ்ஹெச்டி, இடைவெளி, கழித்தல் குறி, பெரிய டி". எல்லாக் கோப்புகளையும் படித்துவிட்டுக் கடைசியில் கணினி எதை மெய்யாக எடுத்துக்கொண்டது என்று வரிவரியாகக் காட்டும். கவனியுங்கள், பெரிய டி. சின்ன டி போட்டால் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், பிழை இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாது. நம் கையேட்டைப் போன்ற சில கட்டுரைகளில் இந்தப் பெரியதும் சின்னதும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சின்ன டி-யைத் தட்டிவிட்டு, சத்தம் வரவில்லை, ஆகவே பூட்டியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குவார்கள். இரண்டாவது, வேறொரு கணினியிலிருந்து சாவிக் கோப்பைப் பயன்படுத்தாமல் உள்ளே வர முயல்வது. கடவுச்சொல் கேட்டால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். கேட்காமல் மறுத்துவிட்டால் சரி. "கீபோர்ட் இன்டராக்டிவ்" என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, அதையும் "நோ" ஆக்காவிட்டால் வேறு பெயரில் கடவுச்சொல் கேட்கும். பழைய கட்டுரைகளில் இது "சாலெஞ்ச் ரெஸ்பான்ஸ்" என்ற பெயரில் இருக்கும். 2021இல் பெயரை மாற்றினார்கள்.

ஓர் எச்சரிக்கை. இழுத்துப் பார்ப்பது நம் வீட்டுப் பூட்டை மட்டுமே. பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கக்கூடாது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, அனுமதியின்றி நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. "சும்மா சோதித்தேன்" என்று சொல்லி என்னிடம் வராதீர்கள், தம்பிகளே.

பதிவுக் கோப்பைப் பற்றிச் சொன்னேன். அது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலை 31 முதல் நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ, இணைய இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, கணினி யார் வசம் இருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில். அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க இணையத்தைக் கறுப்பாக்கி எதிர்ப்புக் காட்டியும் பிரிவு நின்றது. 2021 பிப்ரவரி 19இல் மலேசியாகினி வழக்கில் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக அந்த நிறுவனத்தின் மீதே நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் என்று கூட்டரசு நீதிமன்றம் 6க்கு 1 என்று தீர்ப்பளித்து, 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. மாறுபட்ட ஒரு தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அபராதத் தொகையை மக்கள் சில மணி நேரத்திலேயே நன்கொடையாகக் கொட்டிக்கொடுத்தார்கள். அது மலேசியாகினி. நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இப்போது யோசித்துப் பாருங்கள். கதவு திறந்து கிடந்த 14 மாதத்தில் எவனோ உள்ளே வந்து நம் கணினியிலிருந்து ஓர் அவதூறை வெளியிட்டிருந்தால், அது இணைப்புக்குத் தன் பெயரைக் கொடுத்த நம் தொண்டரின் தலையில் விழும். "நான் இல்லை, இன்ன நாள் இன்ன நேரம் இன்ன முகவரியிலிருந்து ஒருவன் நுழைந்தான்" என்று காட்ட அந்தப் பதிவுக் கோப்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நான்கு வாரத்தில் அது அழிந்துவிடும் என்றால் போலீஸ் கதவைத் தட்டும்போது நம் கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் பதிவை நிரந்தரமாக வைத்தாலும் ஆபத்துதான். 2003 ஜனவரி 20இல் ஒரு வாசகர் கடிதத்துக்காக மலேசியாகினி அலுவலகத்திலிருந்து போலீசார் 19 கணினிகளை எடுத்துச் சென்றார்கள். நம் கணினியும் ஒருநாள் அப்படிப் போகலாம், யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலும் கூடவே போகும். ஆறு மாதம் வைப்பது, அதுவும் வேறொரு கணினியில் வைப்பது என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், இதில் நான் பிடிவாதமாக இல்லை. நேரத்தையும் பாருங்கள். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதற்கு எட்டு மணி முன்னால். புகாரில் இரவு பத்து மணி, பதிவில் பிற்பகல் இரண்டு மணி என்று இருந்தால் விசாரணை அதிகாரியிடம் விளக்கவே அரை நாள் ஆகும்.

மற்றப் பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 4ஆம் பக்கம்: புதுத் தொண்டரின் சாவியை "ஆதரைஸ்ட் கீஸ்" கோப்பில் சேர்க்கும் கட்டளையில் இரண்டு பெருங்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் அச்சாகியிருக்கிறது. இரண்டு போட்டால் கடைசியில் சேர்க்கும். ஒன்று போட்டால் பழையதை எல்லாம் அழித்துவிட்டு இதை மட்டும் வைக்கும். ரிங்லெட்டில் மூன்று பேருடைய சாவி இப்படித்தான் காணாமல் போயிற்று, அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தார்கள். 6ஆம் பக்கம்: ரூட் நுழைவுக்கு "வித்தவுட் பாஸ்வர்ட்" என்றால் "கடவுச்சொல் தேவையில்லை" என்று மொழிபெயர்த்திருக்கிறோம். உண்மைப் பொருள் நேர் எதிர்: கடவுச்சொல்லால் வர முடியாது, சாவியால் மட்டுமே. இந்தக் குழப்பத்தில் நாம் தனியாக இல்லை, 2015இல் அதன் பெயரையே "புரோஹிபிட் பாஸ்வர்ட்" என்று மாற்றினார்கள். 7ஆம் பக்கம்: "ஹோஸ்ட்ஸ் டினை" கோப்பில் எழுதினால் வெளியாரைத் தடுக்கலாம் என்பது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.7 அந்த ஆதரவை நீக்கியது. டெபியன் ஒட்டுப்போட்டு அதற்குப் பிறகும் வைத்திருந்தது, ரெட் ஹேட் 2019இல் தன் 8ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. எழுதினால் திட்டாது, தடுக்கவும் தடுக்காது. 10ஆம் பக்கம்: ஐபிடேபிள்ஸ் பழைய வகை முகவரிகளுக்கு மட்டும்தான். ஐபிவி6 முகவரிகளுக்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனியாக எழுத வேண்டும். முன்வாசலில் காவலாளி, பின்வாசலில் யாரும் இல்லை.

இன்னொரு வகைப் பிழை நம் தமிழ் அச்சகத்தில் பிறந்தது. கட்டளையில் இரண்டு சிறு கோடு சேர்ந்து வரும். கையேட்டை அழகாக்கும்போது மென்பொருள் அவற்றைத் தானாகவே ஒரு நீளக் கோடாக மாற்றிவிட்டது. நேரான மேற்கோள் குறிகளும் வளைந்த குறிகளாகிவிட்டன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். அச்சுக்குப் பொறுப்பாயிருந்த தங்கை என்னிடம் வந்து அழுதார். அவர்மீது குற்றமில்லை. கட்டளை வரிகளை மென்பொருள் தொடாமல் தனியாக வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

நண்பர்களே, தவறான குறிப்பு என்ன செய்யும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. களைக்கொல்லி தெளிக்கும் பெண்களிடம் போய்க் கேளுங்கள். பேராகுவாட் டப்பாவில் கலக்கும் அளவும் எச்சரிக்கையும் அவர்களால் படிக்க முடியாத மொழியில் இருந்தன. 2002இல் தெனகனித்தா அந்தப் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. தடை, தடை நீக்கம் என்று இழுபட்டு, 2020 ஜனவரியில்தான் முழுத் தடை வந்தது. அன்று குறிப்பு எழுதியவர்களை நோக்கி நாம் கேட்ட கேள்வியை இன்று நம்மை நோக்கியும் கேட்க வேண்டும்.

எப்படித் திருத்துவது? கணினிக் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, "புதிய பதிப்பு" என்று போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008இல் டெபியனில் நடந்ததைச் சொல்கிறேன். 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில், ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று பராமரிப்பாளர் ஒரு வரியை எடுத்துவிட்டார். அதன் விளைவாக, ஊகிக்கவே முடியாதபடி இருக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் ஒருவன் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13இல் அறிவிப்பு வந்தது. நிரலைத் திருத்த ஒரு நாள் போதும். ஆனால் இடைப்பட்ட காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் செய்த சாவிகள் எல்லாம் உலகமெங்கும் போய்விட்டன. ஆகவே அவர்கள் "நிரலைப் புதுப்பியுங்கள்" என்பதோடு நிற்கவில்லை. "இந்தக் காலத்தில் செய்த சாவிகளைத் தூக்கி எறியுங்கள், உங்கள் சாவி கெட்டதா என்று பார்க்க இதோ கருவி" என்று அதையும் கொடுத்தார்கள். திருத்தம் அப்படித்தான் இருக்க வேண்டும். ஏற்கெனவே நம்பிச் செய்தவரை அது தேடிப் போக வேண்டும்.

இணையத்தின் அடிப்படை விதிகளான ஆர்எஃப்சி ஆவணங்களுக்கும் பிழைப் பட்டியல் உண்டு. யார் வேண்டுமானாலும் பிழை என்று முறையிடலாம். அது சரிபார்க்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, அடுத்த பதிப்புக்கு ஒத்திவைக்கப்பட்டதா என்று எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்திருப்பார்கள். வெளியான ஆர்எஃப்சியை அழித்து எழுத மாட்டார்கள். அரசிதழில் பிழை வந்தாலும் திருத்த அறிவிப்பு வருமே, அதே முறைதான்.

ஆகவே நம் திருத்தத் தாளை மஞ்சள் நிறத்தில் அச்சிட்டிருக்கிறோம். ஒவ்வொரு பிழைக்கும் பக்க எண், தவறான வரி, சரியான வரி, எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், சோதித்த தேதி, நீங்கள் ஏற்கெனவே அப்படிச் செய்திருந்தால் இப்போது என்ன செய்ய வேண்டும், இழுத்துப் பார்ப்பது எப்படி என்று எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு வரியையும் வெற்றுக் கணினியில் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டிப் பார்த்தார்கள். ஒருவர் பின் வரிசைத் தம்பி. இன்னொருவர் இதுவரை லினக்ஸ் தொடாத பெண். தெரிந்தவர் தானாகச் சரிசெய்துகொண்டு போய்விடுவார், தெரியாதவரே பிழையில் தடுக்கி விழுவார் என்பதால் அவரைக் கேட்டோம். அவர் மட்டும் நான்கு பிழை கண்டார். இதிலும் பிழை இருக்கலாம். கண்டால் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

கையேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவருக்கே மஞ்சள் தாளையும் இன்று இரவுக்குள் அனுப்புங்கள். நீல அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். முன் பக்கத்தில் மஞ்சள் தாளை ஒட்டி வையுங்கள், என் முன்னுரைக்கு மேலேயே ஒட்டுங்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு கணினிகள் வைத்திருக்கிறோம். சொந்தமாகச் சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் முதலில் வாருங்கள், பெரிய டி-யிலிருந்து தொடங்குவோம். ஆவணம் கொடுத்த குடும்பத்தார் என்னிடம் வாருங்கள். உங்கள் பெயரில் என்னென்ன தாள் அந்தக் கணினியில் இருந்தது என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேருந்து நாலு மணிக்கு, அதற்குள் முடித்துவிடலாம்.